ஐம்பது ஹெர்ட்ஸ் சோனிக்: பழைய மெகா டிரைவும் ஓர் அலுவலக மானிட்டரும்

போன ஞாயிறு மாலை ஏற்காட்டில், சித்தப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல், 19 அங்குல மானிட்டரில் சோனிக் என்ற பழைய வீடியோ விளையாட்டு ஆடாமல் அசையாமல் வந்து நின்றது. நான்கு மாத வேலை அது. இடையில் இரண்டு முறை எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டிருக்கிறேன். மொத்தச் செலவு 6,420 ரூபாய், அதில் 850 ரூபாய் சுத்தமான தண்டம். அந்தத் தண்டக் கணக்கையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பெட்டி, டிவியில் மாட்டி விளையாடும் செகா மெகா டிரைவின் இரண்டாம் மாடல். 1994இல் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறை வேலையை விட்டு வந்தபோது சித்தப்பா கொண்டுவந்தது. அப்போது நான் ஏழாம் வகுப்பு. பிறகு அவர் ஏற்காட்டில் காப்பித் தோட்டக் கணக்கு வேலையில் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டார். பெட்டியும் அங்கேயே இருந்தது. பழைய டிவி காயலான் கடைக்குப் போனதிலிருந்து அதற்கு வாய் இல்லை. "கம்ப்யூட்டர் மானிட்டரில் மாட்ட முடியாதா?" என்று அவர் கேட்டதற்கு, "ஒரு ஒயர் வாங்கினால் போதும் சித்தப்பா" என்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இத்தனை பாடு.

பெட்டியைச் சேலத்துக்குக் கொண்டுவந்து திறந்தேன். மலைவீட்டு ஈரம் தெரிந்தது. கேசட் செருகும் இடத்தின் பின்களில் பச்சை பூத்திருந்தது, கேபிள் ரப்பரில் வெள்ளைப் பூசணம். பழைய பல்துலக்கியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்தேன். கேசட்டின் செம்புப் பட்டைகளுக்குப் பள்ளிக்கூட ரப்பரே போதுமானது. சிறுவயதில் கேசட்டுக்குள் வாயால் ஊதுவோமே, அந்த எச்சில் ஈரமும் இந்தப் பச்சைக்குப் பங்களித்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. பவர் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டி உயிரோடு இருக்கிறது என்பதற்கு அப்போதைக்கு அவ்வளவுதான் சாட்சி.

மானிட்டர், ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய 19 அங்குலம், 1280க்கு 1024. ஐந்து ரோடு பக்கம் பழைய கம்ப்யூட்டர் விற்கும் ஒருவரிடம் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். பின்னால் வி.ஜி.ஏ., டி.வி.ஐ. என்ற இரண்டு படத் துளைகளும் உண்டு. அகலத்திரை வேண்டாம் என்று வேண்டுமென்றேதான் இதைத் தேர்ந்தெடுத்தேன். பழைய விளையாட்டுகள் நாலுக்கு மூன்று என்ற சதுரவாட்டத்துக்காகச் செய்யப்பட்டவை, ஐந்துக்கு நாலு மானிட்டர் அதற்குப் பக்கத்து வீடு. இந்த முடிவு ஒன்றுதான் முதலிலிருந்து கடைசிவரை சரியாக இருந்தது.

முதல் தண்டம்: ஒரு முனையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏ.வி. பின்கள், மறுமுனையில் வி.ஜி.ஏ. 150 ரூபாய். "எல்லாவற்றுக்கும் வேலை செய்யும்" என்றார் கடைக்காரர். செருகினேன். மானிட்டர் ஒரு கணம் விழித்தது, கறுத்தது, தூங்கிவிட்டது. அந்த ஒயரின் உள்ளே ஒயரைத் தவிர வேறு எதுவும் இல்லை. மெகா டிரைவ் நொடிக்கு ஏறக்குறைய 15,600 கோடுகள் வீதம் படம் வரைகிறது. கம்ப்யூட்டர் மானிட்டர்கள் பொதுவாக 31 கிலோஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 31,000 கோடுகளுக்குக் கீழே எதையும் ஏற்பதில்லை. தவிர, மஞ்சள் பின்னில் நிறம், வெளிச்சம், சிங்க் (ஒவ்வொரு கோடும் படமும் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் சமிக்ஞை) எல்லாம் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன, வி.ஜி.ஏ.வுக்கோ எல்லாம் தனித்தனியாக வேண்டும். கூட்டாஞ்சோற்றைத் தட்டில் வைத்து அரிசி வேறு பருப்பு வேறாகச் சாப்பிடச் சொல்வதுபோல. நடுவில் பிரித்துக் கொடுக்க மின்னணுச் சில்லு ஏதாவது இருந்தாக வேண்டும்.

இரண்டாம் தண்டம் அப்படிச் சில்லு உள்ள பெட்டிதான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, ஏ.வி. உள்ளே, எச்.டி.எம்.ஐ. வெளியே. 480 ரூபாய். மானிட்டரின் டி.வி.ஐ.க்குப் போக இன்னொரு கேபிள் 220. படம் வந்தது! அன்றிரவு சித்தப்பாவுக்குப் போட்டோகூட அனுப்பிவிட்டேன். பெட்டி படத்தை அகலத்திரைக்காகப் பக்கவாட்டில் இழுத்தது, மானிட்டர் அதைத் தன் உயரத்துக்கு மேலும் கீழும் இழுத்தது. இரண்டு தவறும் சேர்ந்து உருவம் ஏறக்குறைய சரியாகவே தெரிந்தது வேடிக்கை.

விளையாடத் தொடங்கியதும் சந்தோஷம் வடிந்தது. சிவப்பு எழுத்துகள் ஈரச் சுவரில் குங்குமம் இழுத்ததுபோல் கசிந்தன. ஓடும்போது திரை சீராக நகராமல் நொண்டியது. இந்தச் சின்னப் பெட்டி 50 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 50 படத்தை, வாங்கி 60 ஆக்கித் தருகிறது, அதற்காக ஐந்து படத்துக்கு ஒருமுறை ஒன்றை இரட்டிக்கிறது. அந்த நொண்டல் அதனால்தான். எல்லாவற்றையும்விட மோசம் தாமதம். பொத்தானை அழுத்தினால் சோனிக் யோசித்துவிட்டுத் தாவியது. கைபேசியில் நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்ட வசதி இருக்கிறது. விரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி படமெடுத்து, விரல் இறங்கிய படத்திலிருந்து சோனிக் எழும்பிய படம்வரை எண்ணினேன். ஐந்து முறை எண்ணிய சராசரி 31 படம், அதாவது சுமார் 129 மில்லிசெகண்ட். முள்மேல் விழுவது என் தவறில்லை என்பதற்கு ஆவணம் கிடைத்ததில் ஓர் அற்ப ஆறுதல்.

இங்கே ஒரு மாதம் விட்டுவிட்டேன்.

மெகா டிரைவின் பின்துளையில் கலப்பு வீடியோ மட்டுமல்ல, சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகவும், சிங்க் தனியாகவும் வெளியே வருகின்றன. பெட்டியோடு தந்த கேபிள் அவற்றைத் தொடவே தொடாது. அந்த ஆர்.ஜி.பி.யை எடுத்து ஜி.பி.எஸ்.-8200 என்ற போர்டுக்குக் கொடுத்தால் அது வி.ஜி.ஏ. ஆக்கித் தரும். (பெயரைத் தமிழில் எழுதினால் வண்டியில் வழிகாட்டும் கருவியும் இதுவும் ஒன்றாகிவிடுகின்றன. பார்சல் வந்தபோது, "ஏற்காட்டுக்கு வழி தெரியாதா உங்களுக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள்.) போர்டு 2,350 ரூபாய். கூடவே 9 பின் மினி டின் பிளக் இரண்டு, 240 ரூபாய். இந்தப் பிளக் சேலத்துக் கடைகளில் எனக்குக் கிடைக்கவில்லை, எங்கே கேட்டாலும் பழைய மௌஸுக்கு வரும் 6 பின்னைத்தான் எடுத்து நீட்டினார்கள். இணையத்தில் சொல்லி வரவழைத்தேன்.

பிளக்கின் விட்டம் சுண்டுவிரல் நகம் அளவு. அதற்குள் ஒன்பது பின்கள். 1 நீலம், 2 ஐந்து வோல்ட், 3 பச்சை, 4 கலப்பு வீடியோ, 5 சிங்க், 6 மோனோ ஒலி, 7 சிவப்பு, 8, 9 இடவல ஒலி. கிரவுண்டுக்குத் தனிப் பின் கிடையாது, பிளக்கின் உலோகக் கூடேதான் கிரவுண்டு. இந்தக் கடைசி விவரத்தை மனத்தில் வையுங்கள், என்னை இரண்டு வாரம் அலைக்கழித்தது அதுதான்.

சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் 220 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று வர வேண்டும், பிளஸ் கால் கன்சோல் பக்கம். படச் சமிக்ஞையோடு சேர்ந்து வரும் நேர்மின் அழுத்தத்தைத் தடுக்கவே இவை. பிளக்குக்குள் இடமில்லை என்பதால் போர்டு பக்கத்தில் வைத்தேன். மூன்று ரூபாய்ப் பொருள். ஆனால் ஒரு பெரிய முட்டாள்தனத்தின் விளைவை இவை தடுத்திருக்கும். நான் பார்த்து வைத்த படம் பிளக்கின் முகத்தை எதிரிலிருந்து காட்டுவது. ஈயம் வைப்பதோ முதுகில். அதாவது இடம் வலமாகிவிடும். முழுக் கேபிளையும் கண்ணாடி பிம்பமாகச் செய்து முடித்துவிட்டேன். போர்டில் மாட்டும் முன் ஒரு பழக்கத்துக்காக மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், நீலக் கம்பியில் 5.02 வோல்ட். 1ஆம் பின்னும் 2ஆம் பின்னும் இடம் மாறியிருந்தன. அப்படியே மாட்டியிருந்தால் ஐந்து வோல்ட்டுக்கும் போர்டுக்கும் நடுவே நின்றிருப்பது அந்த மூன்று ரூபாய்ப் பொருள் மட்டுமே. முதல் பிளக்கைப் பிரிக்கும்போது சூட்டில் பிளாஸ்டிக் இளகிப் பின்கள் சாய்ந்துவிட்டன. இரண்டாவது பிளக் வாங்கியது அதற்குத்தான் போலும்.

இரண்டாவது சரியாக வந்தது, நிறங்கள் சரி. ஆனால் படம் உருண்டது. மெதுவாக மேலே போகும், சில விநாடி நிற்கும், சட்டென்று சாயும். சிங்க் கம்பியை மாற்றினேன், கேபிளைக் குட்டையாக்கினேன், போர்டையே சந்தேகித்துத் திருப்பி அனுப்பும் பக்கத்தைத் திறந்துவைத்தேன். கேபிளை விரலால் ஒரு கோணத்தில் பிடித்தால் மட்டும் படம் நின்றது.

எங்கள் தெருவில், செவ்வாய்ப்பேட்டையில், கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி கடன் கேட்கத்தான் போனேன். பிளக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட்டின்மேல் நான் வைத்திருந்த ஈயம் மிளகுபோல் உருண்டையாக நின்றது. நகத்தால் ஒரு நெம்பு. ஈயம் அப்படியே பொரியலில் கடுகு தெறிப்பதுபோல் கழன்று விழுந்தது.

"தம்பி, நீ ஈயத்தைத்தான் சுட்டிருக்கிறாய், தகட்டைச் சுடவில்லை. தகடு சுட்டால் அதுவே இழுத்துக்கொள்ளும்" என்றார். வெள்ளியில் பொடி வைத்து ஊதுவதும் அப்படித்தானாம். வெங்காரம் தடவிய இடம் முழுக்கச் சிவந்தபிறகே பொடி தண்ணீராக ஓடும், அதற்கு முன்னால் எவ்வளவு வைத்தாலும் மேலே உட்கார்ந்திருக்கும், உள்ளே போகாது.

என் 25 வாட் சால்டரிங் அயர்ன் பின்களுக்குச் சரி. கூடு சூட்டை முழுவதும் குடித்துவிடுகிறது. அவரே அரத்தால் கூட்டின் முலாமை நெல்மணி அகலத்துக்குத் தேய்த்துவிட்டார். டிவி மெக்கானிக் ஒருவரிடம் 60 வாட் அயர்ன் இரவல் வாங்கிவந்து, ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவி, அயர்னைத் தகட்டின்மேல் நாலு எண்ணும்வரை வைத்தபின் ஈயத்தைத் தொட்டேன். ஈயம் தட்டையாகப் பரவி, விளிம்பு தெரியாமல் படிந்தது. பிளக்கின் உட்புறம் உருகாமலிருக்க, பின்களை ஒரு பழைய கன்சோல் துளையில் செருகி வைத்துச் செய்ய வேண்டும் என்பதையும் அன்றுதான் கற்றேன். படம் உருள்வது அந்த நொடியில் நின்றது. குற்றம் முழுக்கக் கிரவுண்டில். இரண்டு வாரம் நான் குடைந்தது சிங்க் கம்பியை.

போர்டு வந்தபடியே இயங்கினால் 240 வரிப் படத்தை இடைவரிப் படம் (ஒன்றுவிட்டு ஒரு வரியாக இரண்டு தவணையில் வருவது) என்று தப்பாக எடுத்துக்கொண்டு நடுக்குகிறது. அதற்கு மருந்து, இ.எஸ்.பி.8266 என்ற சிறு வைஃபை போர்டும் (280 ரூபாய்), ஜி.பி.எஸ்.-கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருளும். மின்சாரம் நீங்கலாக மூன்று கம்பிகள்: தரவு, கடிகாரம், டீபக் (debug). பின்னர் போர்டிலுள்ள பி8 என்ற இரண்டு முள்களை ஜம்பர் போட்டு இணைக்க வேண்டும், பழைய கட்டுப்பாட்டுச் சில்லு வாயை மூடுவதற்காக. அதை மறந்தேன். ஓர் உறையில் இரண்டு கத்தி. ஒன்று வைத்த அமைப்பை மற்றது கலைக்க, படம் கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது. ஜம்பர் போட்டதும் அடங்கியது. சி5351 என்ற கடிகாரப் போர்டையும் (450 ரூபாய்) சேர்த்தேன். உள்ளே வரும் படவேகத்தையே வெளியேயும் பிடித்துவைக்க இது உதவும். கைபேசி உலாவியிலிருந்தே எல்லா அமைப்பும் மாற்றலாம் என்பது உண்மையிலேயே சுகம்.

அப்போதுதான் மானிட்டர் சொன்னது: வரம்புக்கு வெளியே.

உள்ளே வரும் 50 ஹெர்ட்ஸை போர்டு விசுவாசமாக 50 ஆகவே தருகிறது. என் மானிட்டரின் கையேட்டை முதல்முறையாகப் படித்தேன். செங்குத்து வேகம் 56 முதல் 75 ஹெர்ட்ஸ். கிடைமட்டம், துளை, கேபிள் என்று மூன்று மாதம் எல்லாவற்றையும் பார்த்த நான் இந்த ஒரு வரியைப் பார்க்கவில்லை. மானிட்டர் வாங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. டிவிகள் 50ஐ ஏற்கும், கம்ப்யூட்டர் மானிட்டர்கள் பல ஏற்காது.

மெகா டிரைவின் உள்போர்டில் 50, 60 தேர்வுக்கு ஜம்பர் இடம் இருக்கிறது. தொழிற்சாலையில் ஒரு பக்கம் பற்றவைத்துவிடுவார்கள். அதை எடுத்துவிட்டு ஒரு சிறு மூன்றுகால் சுவிட்சின் நடுக்காலை அங்கே இணைத்தேன், ஒரு பக்கக் கால் ஐந்து வோல்ட்டுக்கு, மறுபக்கம் கிரவுண்டுக்கு. பெட்டியின் பின்புறம் 6 மி.மீ. துளை. முதல் துளை போடும்போது துரப்பணம் சறுக்கி ஒரு கீறல் விழுந்தது, சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

சுவிட்சை 60க்குத் தள்ளினேன். 1280க்கு 1024இல் படம் நின்றது. மானிட்டர் மெனுவில் 60 அல்ல, 59 என்று காட்டியது. பெட்டியின் வேகத்தை நிர்ணயிக்கும் படிகம் பால் (PAL) என்ற 50 ஹெர்ட்ஸ் டிவி முறைக்கானது, கொஞ்சம் மெதுவானது, அதனால் 60 முழுதாக வராது. செங்குத்து அளவைச் சற்றுக் குறைத்து நாலுக்கு மூன்று விகிதத்துக்குக் கொண்டுவந்தேன். தாமதத்தை மறுபடி எண்ணினேன்: சராசரி 16 படம், சுமார் 67 மில்லிசெகண்ட். பாதி. சிவப்பு கசியவில்லை, ஒவ்வொரு புள்ளியும் தாயக்கட்டைபோல் கூர்மை. இத்தனை கூர்மையில் ஓர் இழப்பும் உண்டு. முதல் கட்டத்தின் அருவி, ஒன்றுவிட்டு ஒன்று நிற்கும் செங்குத்துக் கோடுகளால் வரையப்பட்டது. கலப்பு வீடியோவின் கசிவில் அவை கலந்து கண்ணாடித் தண்ணீராகத் தெரியும். ஆர்.ஜி.பி.யில் அது மூங்கில் தட்டி.

வி.ஜி.ஏ.வில் ஒலி போகாது. 8, 9ஆம் பின்களைப் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்குக் கொடுத்தேன், அதில் சிக்கல் எதுவுமில்லை.

மடியில் மானிட்டர், காலடியில் பை, பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே பனி இறங்கியிருந்தது. வந்ததும் போடாமல் ஒரு மணிநேரம் விட்டேன், கண்ணாடியில் ஈரம் படிந்திருந்தது. ஆறரை மணிக்கு மேல் இன்னொரு வியாதி: திரையில் ஒரு மங்கல் பட்டை கீழிருந்து மேலே ஊர்ந்தது. சேலத்தில் வரவே இல்லை. மீட்டரைச் சுவரில் வைத்தால் 176 வோல்ட். சித்தப்பா இன்னும் பயன்படுத்துவது சிங்கப்பூரில் பெட்டியோடு வந்த கனமான டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர், 10 வோல்ட். சுவரில் இறங்கினால் அதுவும் இறங்கும். உள்ளே அதை ஐந்து வோல்ட்டாக்கும் 7805 ரெகுலேட்டருக்கு மூச்சுமுட்டுகிறது. முன்யோசனையாக 9 வோல்ட், 1 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். அடாப்டர், அதாவது கைபேசி சார்ஜர் வகை (180 ரூபாய்), எடுத்துப் போயிருந்தேன். அது 100 வோல்ட்டிலும் அசையாது. முனையில் மட்டும் பழைய பிளக்கை வெட்டி இணைக்க வேண்டியிருந்தது, நடுவில் பிளஸ். பட்டை போனது. போர்டுக்குத் தனி 5 வோல்ட், 2 ஆம்பியர் (160 ரூபாய்). கெப்பாசிட்டர், சுவிட்ச், கம்பி எல்லாம் சேர்த்து 110.

அடுத்தமுறை செய்தால், முதலில் மானிட்டர் கையேடு, 50 ஹெர்ட்ஸ் உண்டா என்று. மலிவுப் பெட்டியை வாங்கமாட்டேன், ஒயரைத் தொடவே மாட்டேன். பிளக் மூன்று வாங்குவேன். கிரவுண்டை முதல் நாளே மீட்டரில், கேபிளை ஆட்டிக்கொண்டே பார்ப்பேன். திறந்த போர்டை இப்போதைக்கு ஒரு டிபன் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்திருக்கிறேன், மூடியில் காற்றுத் துளைகள் போட வேண்டும்.

சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் கட்டத்தைப் பாதி தாண்டியதும் கட்டுப்படுத்தியைக் கீழே வைத்தார்.

"இது நம்முடையது இல்லையே. பாட்டு ஓடுகிறது பார், யாரோ துரத்துகிறார்கள் போல."

விளக்கினேன். இந்த விளையாட்டு 60க்கு எழுதப்பட்டது. நம்முடைய 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது, இசையும் சேர்ந்து. நாம் அன்று விளையாடியதுதான் தவறான வேகம்.

"அப்படியா," என்றார். "அந்த வேகத்தில் வை."

சுவிட்சை 50க்குத் தள்ளினால் மானிட்டர் கறுத்தது. கைபேசியில் தேடி, 50ஐ 60 ஆக்கும் தேர்வை இயக்கினேன். படம் வந்தது, கூடவே அந்தப் பழைய நொண்டலும், மெலிதாக. எனக்குக் கண்ணில் உறுத்தியது. அவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் பொருட்படுத்தவில்லை. மூன்று கட்டங்கள் முடித்துவிட்டுத்தான் சாப்பிட எழுந்தார். அருவியைப் பார்த்து மட்டும், "இதில் என்ன கம்பி போட்டிருக்கிறாய்?" என்று கேட்டார்.

நேற்று அவர் அனுப்பிய போட்டோவில், பெட்டியின் பின்புறச் சுவிட்ச் 50 பக்கமே நிற்கிறது. அது நகராமலிருக்க மேலே வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறார். பக்கத்தில் இருக்கும் கீறலையும் சேர்த்து.